‘சாமி கும்பிடத்தானே போனோம்’: 1986 பிரார்த்தனைப் போராட்டத்தை மறுபடி வாசித்தல்

போன செமஸ்டரில் கம்பஸ் கன்டீனில் நடந்த ஒரு பேச்சுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். வரலாறு லெக்சர் முடிஞ்சு தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தோம். வேற ஊர் நண்பர் ஒருத்தர் பகிடியாகக் கேட்டார்: “உங்கட ஆக்கள் என்ன போராட்டம் செய்தவங்கள்? கோயில்ல இருந்து கும்பிட்டதுதானே?”

எங்களுக்குக் கோபம் வந்தது. உடனே பட்டியல் போட்டோம். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் பொலிஸ் சுட்டுச் செத்த கோவிந்தன். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் காணியைக் காப்பாற்றப் போய்ச் சுடப்பட்ட சிவனு லெட்சுமணன். நண்பர் அமைதியாகிவிட்டார். நாங்கள் ஜெயிச்ச மாதிரி இருந்தது.

ஆனால் அன்றைக்கு ராத்திரி ஹொஸ்டலில் எங்களுக்குள்ளேயே ஒரு கேள்வி வந்தது. கும்பிட்டதைச் சொன்னதும் நமக்கு ஏன் வெட்கமாக இருந்தது? செத்தவங்க பேரைச் சொன்னால்தான் போராட்டம் என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தது? நண்பர் பகிடி பண்ணிய அந்தக் கும்பிடு நம்ம அம்மாயிமார் கும்பிட்ட கும்பிடு. அதைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?

லீவுக்கு ஊருக்குப் போனபோது எங்களில் ஒருத்தி, ஹட்டன் பக்கம் முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்தெடுத்த தன் அம்மாயியிடம் கேட்டாள். “போராட்டமா? அதெல்லாம் தெரியாது. சாமி கும்பிடத்தானே போனோம். வேலைக்குப் போகல, அவ்வளவுதான்.” கேட்டுக்கொண்டிருந்தவள் ஏமாந்துபோனாள். பிறகு யோசித்துப் பார்த்தால், அந்தப் பதிலில் எங்களுக்கு வேண்டியது எல்லாமே இருந்தது.

செக்ரோலில் இருந்த பேர்

முதலில் எதற்காகக் கும்பிட்டார்கள் என்று பார்ப்போம்.

தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் வேலை. “பேர் போட்டாச்சா?” என்றால் இன்றைய வேலை பதிவாகிவிட்டதா என்று அர்த்தம். அரை நாள் செய்தால் அரைப்பேர். நூறு வருசத்துக்கு மேலாக நம்ம ஆட்களின் பேர் ஒவ்வொரு நாளும் செக்ரோலில் விழுந்தது. நாட்டின் புத்தகத்தில் மட்டும் விழவில்லை.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையிலிருந்து சி.வி. வேலுப்பிள்ளை. அடுத்த வருசமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நீ இந்த நாட்டுக்காரன் என்றால் உன் தகப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி காட்டு என்றது. லயத்தில் பிறந்த தகப்பனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கும்? ஏழு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949இல் வாக்குரிமையும் போனது. அதே வருசம் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போடப்பட்டது. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

பிறகு நடந்ததை நாம் பாடத்தில் எண்களாகப் படித்தோம். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் சிறிமாவும் இந்திரா காந்தியும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். ஆகமொத்தம் இந்தியாவின் பங்கு ஆறு லட்சம். ஆனால் இந்தியாவுக்குப் போகிறோம் என்று விண்ணப்பித்தவர்கள் சுமார் 5,06,000 பேர்தான். மிச்சம் 94,000 பேர். அவர்கள் இந்தியாவைக் கேட்கவில்லை. இலங்கை அவர்களை எடுக்கவில்லை. 1984இல் தலைமன்னார் – இராமேஸ்வரம் கப்பலும் நின்றுபோனது. விண்ணப்பித்திருந்தவர்களிலும் எத்தனையோ பேர் போக முடியாமல் லயத்திலேயே இருந்தார்கள்.

1986 ஜனவரியில் கும்பிட்டது இந்த 94,000 பேருக்காக.

1952: கொழும்பில் உட்கார்ந்தவர்கள்

அதற்கு முன்பும் ஒரு தடவை அகிம்சையைக் கையில் எடுத்திருக்கிறார்கள். 1952 ஏப்ரல் கடைசியில், தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், கொழும்பில் பிரதமர் அலுவலகத்துக்கு முன்னால் இலங்கை இந்தியன் காங்கிரஸ்காரர்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். நூறு நாளையும் தாண்டிப் போனது. முறைப்படி நடந்த காந்தி வழிப் போராட்டம். கேட்டது கிடைக்கவில்லை. பிரஜாவுரிமைச் சட்டம் அப்படியே இருந்தது. அந்த வருசத் தேர்தலில் காங்கிரஸ் சார்பில் ஒருவர்கூடப் பாராளுமன்றம் போகவில்லை.

ஏன் தோற்றது? எங்களுக்குத் தோன்றுவது இதுதான். கொழும்பு நடைபாதையில் சிலர் உட்கார்ந்திருந்தபோது தோட்டத்தில் கொழுந்து வழக்கம்போல நிறுக்கப்பட்டது, இஸ்டோர் வழக்கம்போல ஓடியது. அரசாங்கத்துக்கு ஒரு இறாத்தல் தேயிலைகூடக் குறையவில்லை. வாக்கும் இல்லாத ஆட்களுக்குப் பயப்பட எந்த அரசியல்வாதிக்கும் காரணம் இல்லை. உட்கார்ந்தவர்களின் உறுதியில் குறை இல்லை, உட்கார்ந்த இடத்தில்தான் குறை.

பொலி, பொலி

இப்போது கோயில் பக்கம் வருவோம்.

விடியக்காலையில் தப்புச் சத்தம். பெரட்டுக்களத்துக்கு ஓட்டம். கங்காணி மலை பிரித்துக் கொடுப்பார். மலையில் நிரை பிடித்து நின்றதும் முதல் கொழுந்தைக் கூடையில் போடுவதற்கு முன் எல்லாரும் சேர்ந்து “பொலி, பொலி” என்பார்கள். நெல்லுக் களத்தில் சொல்லும் வார்த்தை அது. தமிழ்நாட்டு வயலை விட்டு வந்தவர்கள் வார்த்தையை மட்டும் மறக்காமல் கொண்டுவந்துவிட்டார்கள்.

சாமிகளும் அப்படித்தான். மாரியம்மனையும் முனியாண்டியையும் மாடசாமியையும் கூட்டிக்கொண்டு வந்தவர்கள், வந்த இடத்தில் புதுச் சாமிகளையும் உண்டாக்கினார்கள். கவ்வாத்து வெட்டப் போகும் முன் கத்தியை வைத்துக் கும்பிடக் கவ்வாத்துச்சாமி. இஸ்டோர் ரோதையில் யாருக்கும் கை போகக்கூடாது என்று ரோதமுனி. ஒரு கல்லு, கொஞ்சம் குங்குமம், ஒரு வேல் போதும். இதில் பல சாமிகளுக்குச் சேவல் அறுப்பார்கள். நம்ம ஆட்களின் பக்தி புத்தகத்து அகிம்சை கிடையாது. அட்டை கடிக்காமல், கால் வழுக்காமல், மனுசன் முழுசாக வீடு வந்து சேர வேண்டும் என்ற பக்தி.

தொரைமார் இதைத் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் ஊக்கப்படுத்தினார்கள். கோயில் கட்ட இடம் கொடுத்தார்கள், திருவிழாவுக்கு லீவு கொடுத்தார்கள், கோயில் பணத்தைச் சம்பளத்தில் பிடித்தார்கள். திருவிழாவில் முதல் மரியாதை தொரைக்கு, அடுத்தது பெரிய கங்காணிக்கு. கோயிலுக்கு உள்ளே யார் போகலாம், வெளியே யார் நின்று தப்படிக்க வேண்டும் என்று சாதி பார்த்ததும் அதே கோயில்தான். ‘கும்பிடுறவன் அடங்கி இருப்பான்’ என்பது தோட்ட நிர்வாகத்தின் கணக்கு. நம்மில் பலர் கோயிலை விட்டு விலகி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த விலகலில் நியாயம் இருக்கிறது.

ஆனால் நிர்வாகம் ஒன்றைக் கவனிக்கவில்லை. பெரட்டு தொரையுடையது, மலை கம்பெனியுடையது, பிறகு அரசாங்கத்துடையது. லயமும் சொந்தம் இல்லை. தோட்டத்துக்குள்ளே தொழிலாளி தன் விருப்பப்படி கூடி நிற்கக்கூடிய இடம் ஒன்று மிஞ்சியிருந்தது என்றால் அது அந்தக் கோயில் வாசல்தான்.

தைப்பொங்கல், 1986

அப்போது நாடு இருந்த நிலையை நினைத்துப் பாருங்கள். 1977, 1981, 1983 என்று மூன்று தடவை மலையகத்தில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்திருந்தன. அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்தது. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் இறங்கிய அரச ஊழியர்களில் சுமார் 40,000 பேரை ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் வீட்டுக்கு அனுப்பியிருந்தது. வடக்கில் எங்கள் வயசுப் பிள்ளைகள் துவக்கு எடுத்திருந்தார்கள்.

அகிம்சை என்று சொன்னால் பாதுகாப்பு என்றும் நினைத்துவிடாதீர்கள். கலவரத்தில் மலையகத்திலிருந்து ஓடியவர்களை வவுனியாப் பக்கம் குடியேற்றி, பண்ணையும் பாலர் பாடசாலையும் நடத்திய அமைப்பின் பேரே ‘காந்தியம்’. அதன் தலைவர்கள் எஸ்.ஏ. டேவிட்டும் டொக்டர் இராஜசுந்தரமும் 1983 ஏப்ரலில் கைதானார்கள். ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார்.

இந்தச் சூழலில்தான் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஒரு அறிவிப்பு விட்டது. 1986 ஜனவரி 14, தைப்பொங்கல் தொடங்கி மூன்று மாதத்துக்குத் தொழிலாளர்கள் காலையில் வேலைக்குப் போகாமல் பிரார்த்தனை செய்ய வேண்டும். நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வேண்டும், நாட்டில் சமாதானம் வேண்டும் என்று கும்பிட வேண்டும். அறிவித்த தொண்டமான் அப்போது அதே அரசாங்கத்தில் அமைச்சர்.

வேலைநிறுத்தம் என்று சொல்லியிருந்தால் தடை செய்ய ஒரு வர்த்தமானி போதும். சாமி கும்பிடுவதை எப்படித் தடை செய்வது? பொங்கலன்று கோயிலுக்குப் போன பொம்பளையை எந்தச் சட்டத்தில் பிடிப்பது? கையில் கல் இல்லை, வாயில் கோஷம் இல்லை. நூறு வருசமாகத் தோட்ட நிர்வாகமே ‘நல்ல பழக்கம்’ என்று வளர்த்துவிட்ட அதே கும்பிடு.

காலமும் முக்கியம். தேயிலைச் செடி யாருக்காகவும் காத்திருக்காது. ஒரு மலையைச் சுற்றிவர ஏறக்குறைய ஒரு கிழமை. அதற்குள் எடுக்காவிட்டால் கொழுந்து முத்திப்போகும், பிறகு நல்ல தேயிலை ஆகாது. அதிலும் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைக்கு ஏலத்தில் நல்ல விலை கிடைக்கும் பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. தையில் தொடங்கும் மூன்று மாதம் என்றால் சரியாக அந்தப் பருவம். 1972க்கும் 1975க்கும் பிறகு தோட்டங்கள் அரசாங்கத்தின் சொத்து. ஆகவே பிரஜாவுரிமை தர வேண்டியவரும் தேயிலை விற்றுக் காசு பார்ப்பவரும் ஒரே ஆள். 1952இல் இல்லாத நெருக்கடி இதுதான்.

மூன்று மாதம் தேவைப்படவில்லை. சில வாரங்களுக்குள் அரசாங்கம் இணங்கியது. 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அந்த 94,000 பேருக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமைக்கு வழி திறந்தது. 1988இல் 39ஆம் இலக்கச் சட்டமும், 2003இல் 35ஆம் இலக்கச் சட்டமும் விடுபட்டவர்களுக்காக வந்தன. இன்றைக்கு நம்மில் பலர் கையில் ஆள் அடையாள அட்டை இருக்கிறது, இசட் ஸ்கோர் பார்த்துக் கம்பஸுக்கு வந்திருக்கிறோம் என்றால், அந்தத் தை மாதக் காலைகளுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

அப்போ எல்லாம் கும்பிட்டதால் கிடைத்ததா?

இல்லை. அப்படிச் சொன்னால் வரலாறு ஆகாது, ஸ்தல புராணம் ஆகிவிடும். வடக்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது மலையகத்திலும் ஒரு பிரச்சினையை வைத்திருக்க அரசாங்கத்துக்கு விருப்பம் இல்லை. இந்தியா அப்போது பேச்சுவார்த்தையில் நடுவில் நின்றது, நாடற்றவர் பிரச்சினையும் இரண்டு நாட்டுக்கும் இடையில் பேசப்பட்டது. தொண்டமான் அமைச்சரவைக்கு உள்ளே இருந்ததும் உதவியது. இடதுசாரித் தோழர்களின் விமர்சனமும் உண்டு: ‘தலைவர் பேரம் பேசினார், தொழிலாளி கும்பிட்டான், பிரார்த்தனை என்று பேர் வைத்தால் தொழிலாளிக்கு அரசியல் எப்போது வரும்?’

இந்தக் கேள்வியை நாங்கள் தள்ளிவிட மாட்டோம். மலையக வரலாறு என்று நாம் படிப்பதில் பாதி, தலைவர்களின் வரலாறுதான். தொண்டமான் என்ன சொன்னார் என்பது அச்சில் இருக்கிறது. காலை வேலையை விட்டால் ஒரு பேர் அரைப்பேராகும் என்று தெரிந்தும் கோயில் வாசலில் நின்ற பொம்பளைகள் என்ன நினைத்தார்கள் என்பதை நாங்கள் படித்த எந்தப் பாடமும் சொல்லவில்லை. தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் கைகளில் பெரும்பாலானவை அவர்களுடையவை. இரண்டு வருசத்துக்கு முன்பு, 1984இல்தான், ஆம்பளைக்குச் சமமான நாள் சம்பளமே அவர்களுக்குக் கிடைத்திருந்தது. அவர்கள் நிற்கவில்லை என்றால் பேரம் பேச யாரிடமும் ஒன்றும் இருந்திருக்காது.

இன்னொரு பேச்சும் உண்டு: அகிம்சை காந்தி நமக்குக் கொடுத்தது என்பது. காந்தி 1927 நவம்பரில் கதர் நிதி சேர்க்க இலங்கைக்கு வந்தார், மலையகத்துக்கும் வந்தார், தொழிலாளர்களிடம் குடியை விடச் சொன்னார். ஆனால் அதற்கும் பதினான்கு வருசம் முன்னால் தென்னாப்பிரிக்காவில் என்ன நடந்தது? 1913இல் மூன்று பவுண் வரியை எதிர்த்து நேட்டாலில் நிலக்கரிச் சுரங்கத்தை விட்டு வெளியேறி காந்தியோடு நடந்தவர்களில் பெரும்பகுதி ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களும் தெலுங்கர்களும். சிறைக்குப் போய் நோயோடு வெளியே வந்து 1914 பெப்ரவரியில் செத்துப்போன தில்லையாடி வள்ளியம்மைக்கு வயசு பதினாறு. அந்த வருசமே வரி நீக்கப்பட்டது. நேட்டாலுக்குக் கப்பல் ஏறியவர்களும் நமது பாட்டன் பூட்டனும் ஒரே பஞ்சத்தில் கிளம்பியவர்கள். சத்தியாக்கிரகம் காந்தியின் மூளையில் மட்டும் பிறந்த சரக்கு இல்லை. கூலிகளின் காலிலும் பிறந்தது. ஹட்டன் அம்மாயி அதைக் காந்தியிடம் கற்றுக்கொள்ளத் தேவை இருக்கவில்லை.

லயத்துக்குள்ளே

எழுதக் கஷ்டமான பகுதி இதுதான். எங்களுக்குள்ளே இதை எழுதலாமா வேண்டாமா என்று சண்டையே நடந்தது.

தொரைக்கு முன்னால் கை ஓங்காத சமூகம் நம்முடையது என்று பெருமையாகச் சொல்கிறோம். லயத்துக்குள்ளே? சம்பள நாள் ராத்திரி எந்தக் காம்பராவிலிருந்து சத்தம் வரும் என்று லயத்தில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். நடுவில் ஒரு சுவர்தான். சின்ன வயசில் அந்தச் சத்தம் வரும்போது ரேடியோவைக் கூட்டி வைத்தவர்கள் எங்களிலும் இருக்கிறோம். காலையில் கோயிலில் கும்பிட்ட கை, பின்னேரம் கூடை இறக்கிய கை, ராத்திரி அடி விழாமல் முகத்தை மறைத்த கையும் அதுதான். பிரார்த்தனைப் போராட்டம் அரசாங்கத்தை இணங்க வைத்தது. வீட்டுக்காரனை இணங்க வைக்கும் போராட்டத்தை எந்தச் சங்கமும் அறிவிக்கவில்லை.

அகிம்சை, நம்பிக்கை என்றெல்லாம் பேசும்போது மேலே இருப்பவனுக்கு எதிராக மட்டும் அதை வைத்துக்கொண்டால், அது ஒரு தந்திரமாக நின்றுவிடும். நல்ல தந்திரம்தான், வெற்றி தந்த தந்திரம்தான். ஆனால் அன்றாட வாழ்க்கையில் அகிம்சை என்றால் நமக்குக் கீழே இருப்பவர் என்று நாம் நினைப்பவரிடம் எப்படி நடக்கிறோம் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வீட்டில் பொம்பளையிடம், கோயில் வாசலில் இன்னும் வெளியே நிறுத்தப்படும் தப்படிக்கும் குடும்பத்திடம், வகுப்பில் தமிழ் தடுமாறும் பிள்ளையிடம்.

கன்டீனுக்குத் திரும்பி

2018 ஒக்டோபர் 24 அன்று ஆயிரம் ரூபாய் நாள் சம்பளம் கேட்டுக் கொழும்பு காலிமுகத்திடலில் கறுப்பு உடையில் ஆயிரக்கணக்கான மலையக இளைஞர்கள் கூடினார்கள். 2023இல் மலையக மக்கள் வந்து இருநூறு வருசம் ஆனதை நினைத்து, அன்றைக்கு அவர்கள் வந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். இரண்டிலும் யாரும் கல் எடுக்கவில்லை. அவற்றில் கலந்துகொண்ட எத்தனை பேருக்கு 1986 ஞாபகம் இருந்திருக்கும் என்று தெரியவில்லை. ஆனால் பழக்கம் அதே பழக்கம்: கூடுவது, நிற்பது, நடப்பது, அசையாமல் இருப்பது.

முல்லோயாவையும் டெவனையும் நாங்கள் இனியும் சொல்வோம். அவற்றைச் சொல்லி மற்றதை மறைக்க மாட்டோம். நண்பர் மறுபடி கேட்டால் பட்டியல் போடாமல் சொல்லலாம் என்று இருக்கிறோம்: “ஓம், கும்பிட்டவங்கதான். கும்பிட்டுத்தான் எங்க பேரை எடுத்தாங்க.”

அந்த அம்மாயியிடம் போன மாதம் மறுபடி ஒரு கேள்வி கேட்டோம். அன்றைக்குக் கோயிலில் என்ன வேண்டிக்கொண்டீங்க? பிரஜாவுரிமையா? அவங்க சிரிச்சாங்க. “புள்ளைக்குக் காய்ச்சல். அதுக்கும் சேத்துத்தான் வேண்டிக்கிட்டேன்.”

உங்க வீட்டிலும் ஒரு அம்மாயியோ அப்பாயியோ இருப்பாங்க. 1986 தைப்பொங்கல் அன்று காலையில் எங்கே நின்றாங்க என்று கேட்டுப் பாருங்கள். அவங்க அதைப் போராட்டம் என்று சொல்ல மாட்டாங்க. நீங்க எழுதி வையுங்கள்.